ஊராட்சிக்கு ஃபைபர் இணையம்: ஒப்பந்தம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை (தருமபுரி, கிருஷ்ணகிரி)

ஊராட்சி அலுவலகத்தின் பின்னறையைத் திறந்து பாருங்கள். பிளீச்சிங் பவுடர் மூட்டை நான்கு, உடைந்த நாற்காலிகள், பழைய டியூப் லைட் சட்டங்கள். இவற்றுக்கு நடுவில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். ஊராட்சிகளுக்கு இணையம் கொண்டுவரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில், மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட் மூலம் வந்த ஃபைபர் அந்தப் பெட்டியில் வந்து முடிகிறது. தருமபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள், கிருஷ்ணகிரியில் 333. பெட்டி வந்துவிட்ட ஊர்களில், அதிலிருந்து பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் பக்கத்துக் குக்கிராமத்துக்கும் இணையத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் அடுத்த கேள்வி.

நான் கேபிள் டி.வி. லைன் பார்த்து, அப்புறம் ஃபைபர் இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவன். இப்போது டெண்டர் ஆவணம் எழுதும் ஊராட்சிகளுக்கு அவ்வப்போது கூடமாட உதவுகிறேன். தார் (ஃபைபர் கேபிள்) இழுப்பது இதில் சின்ன வேலைதான். இழுத்த தாரை மூன்றாவது வருடமும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முதல் நாளே காகிதத்தில் எழுத வைப்பதுதான் பெரிய வேலை. கீழே வருவதெல்லாம் அதற்காகத்தான்.

முதலில் அந்த மூட்டைகளை வேறு அறைக்கு மாற்றுங்கள். பிளீச்சிங் பவுடரின் ஆவி ஓரிரு மழைக்காலத்துக்குள் கனெக்டரையும் சர்க்யூட் போர்டையும் அரித்துவிடும். அப்படி அரித்த ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருந்தது. பெட்டிக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, யூ.பி.எஸ். பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இணையத்தை விற்பது யார்?

ஊராட்சியே இணையம் விற்கலாமா என்று கேட்பார்கள். உரிமம் இல்லாமல் முடியாது. தொலைத்தொடர்புத் துறையிடம் இணைய சேவை உரிமம் பெற்ற நிறுவனமோ, அதன் பங்காளராகச் சேர்ந்தவரோதான் வீட்டுக்கு இணைப்பு கொடுத்து மாதக் கட்டணம் வாங்க முடியும். யுனிஃபைடு லைசென்ஸ் முறையில் இந்த உரிமம் மூன்று வகை. ஏ என்றால் நாடு முழுக்க, பி என்றால் ஒரு தொலைத்தொடர்பு வட்டம், சி என்றால் ஓர் எஸ்.எஸ்.ஏ., அதாவது சுமார் ஒரு மாவட்டம் அளவுள்ள தொலைபேசிப் பகுதிக்குள். நம் பக்கம் பழைய ஒன்றுபட்ட மாவட்டக் கணக்குதான் இன்றும். பி.எஸ்.என்.எல்.லின் தருமபுரி எஸ்.எஸ்.ஏ.வுக்குள் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அடங்கும். ஒளி ஏற்றாத வெறும் இழையை (டார்க் ஃபைபர்) மட்டும் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறேன் என்றாலும் ஐ.பி.-1 என்ற பதிவு வேண்டும். அது கம்பெனிகளுக்குத்தான் கிடைக்கும், ஊராட்சிக்கு இல்லை.

அதனால் ஊராட்சி போடும் ஒப்பந்தம் சேவை வாங்கும் ஒப்பந்தமாக இருப்பதே நல்லது. பொதுக் கட்டடங்களுக்கு இணைப்பும் பராமரிப்பும் ஊராட்சி வாங்குகிறது. அதே தாரிலிருந்து வீடுகளுக்குக் கொடுத்துச் சம்பாதிப்பது உரிமம் உள்ள ஆபரேட்டரின் பாடு. பள்ளி, நூலகம், ரேஷன் கடை, மகளிர் குழுக் கட்டடம் என்று ஏழெட்டு இடங்களுக்கு நிச்சயமான வாடிக்கை இருந்தால், 200 வீடு உள்ள ஊருக்கும் ஆபரேட்டர் வருவார். அது இல்லாவிட்டால் மெயின் ரோட்டு ஊரோடு நின்றுகொள்வார்.

தீர்மானமும் ஆபீஸும்

கிராம சபைத் தீர்மானத்திலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் வருடத்தில் ஆறு நாள் சபை கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கோரம் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. "இணைய வசதி செய்வது" என்று மொட்டையாகத் தீர்மானம் எழுதாதீர்கள். எந்தெந்தக் கட்டடம், எந்தெந்தக் குக்கிராமம், எத்தனை வருடப் பராமரிப்பு, எந்த நிதி என்று எழுதுங்கள். பின்னால் தணிக்கைக்காரர் புரட்டப்போவது இந்தப் பக்கத்தைத்தான்.

புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) இரண்டு பேர். ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிக்கு. உங்கள் கோப்பு இரண்டாமவரிடம் போக வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் தலைவர் போட வேண்டிய கையெழுத்தும் தனி அலுவலருடையதுதான். தலைவர் இருந்த காலத்தில் வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்ட எதையும் நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

வழியை நடந்து பாருங்கள்

எஸ்டிமேட் போடும் முன் முழு வழியையும் ஒரு நாள் நடக்க வேண்டும். பைக்கில் போனால் தெரியாது. கூட யாரை அழைத்துப் போவது? பொறியாளர் வந்தால் நல்லது. ஆனால் கட்டாயம் வர வேண்டியவர் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். எந்த வேப்பமரத்தடியில் எந்த வால்வு புதைந்திருக்கிறது, எந்தத் தெருவில் ஜல் ஜீவன் குழாய் ஒரு முழ ஆழத்தில் ஓடுகிறது என்பது அவருக்கு மனப்பாடம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் சாலையோரமாகவே ஓடுகிறது. ஃபுளோரைடு தண்ணீர் குடித்து அவதிப்பட்ட ஊர்கள் இவை. அந்தக் குழாயை ஜே.சி.பி. உடைத்து இரண்டு நாள் தண்ணீர் நின்றால், அதற்கப்புறம் உங்கள் ஃபைபரைப் பற்றி ஊரில் யாரும் நல்ல வார்த்தை பேச மாட்டார்கள். தோண்டும் முன் தகவல் சொல்ல "கால் பிஃபோர் யூ டிக்" என்ற செயலி 2023 மார்ச்சில் வந்தது. அதில் பதிவு செய்யுங்கள், ஆனால் தொட்டி ஆபரேட்டரையும் விடாதீர்கள்.

நடக்கும்போது நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: இடம், அது யாருடைய நிலம், தார் கம்பத்தின் மேலேயா மண்ணுக்குக் கீழேயா. ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 44 என ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருகிறவர் வேறு. இந்த வழி அனுமதிக்கு 2024-இல் புதிய மத்திய விதிகள் வந்து, 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. இணைய வழியில் விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமம் வைத்திருக்கும் நிறுவனம். ஆகவே "அனுமதிகள் அனைத்தும் ஆபரேட்டர் பொறுப்பு, கடிதத் துணை மட்டும் ஊராட்சி தரும்" என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

தண்டவாளத்தைக் கடக்க வேண்டியிருந்தால் இன்னொரு கூத்து. தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம். பக்கத்திலேயே இருக்கும் மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். தப்பான கோட்டத்துக்குப் போன கடிதம் எங்கோ ஒரு மேசையில் தூங்கும், மூன்று மாதம் கழித்துத்தான் உங்களுக்கே தெரியவரும்.

அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கம் என்றால் வனத்துறை. காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு 2022-இலும் அறிவிக்கப்பட்டவை. காப்புக்காட்டுக்குள் ஒரு மீட்டர் தோண்டினாலும் மாவட்ட வன அலுவலரின் அனுமதி இல்லாமல் கூடாது. யானை வழித்தடத்தில் தாழத் தொங்கும் தார் யானைக்கும் ஆபத்து, தாருக்கும் ஆயுசு இல்லை. நேரம் நிறைய பிடிக்கும் பகுதி இது. காட்டு வழியைத் தனிக் கட்டமாகப் பிரித்துவிடுங்கள். அந்த அனுமதிக்காக ஊர்ப் பகுதி வேலை காத்திருக்கக் கூடாது.

மேலேயா கீழேயா என்பதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் மண் மேலே செம்மண், இரண்டு அடி இறங்கினால் பாறை. புத்தகப்படி 1.65 மீட்டர் ஆழத்துக்கு எல்லா இடத்திலும் பள்ளம் எடுக்க நினைத்தால் பணம் பாறையிலேயே கரைந்துவிடும். மின்கம்பம் வழியாக மேலே இழுப்பதே சிக்கனம். அதற்கு மின் பகிர்மானக் கழகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத தாரை லைன்மேன் ஏறி அறுத்துப் போட்டால் கேட்க நாதி இல்லை. சாலையைக் கடக்கும் இடங்களில் உயரத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், 6 மீட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊரில் ஃபைபர் அறுவதற்குப் பாதிக் காரணம் வைக்கோல் லோடும் கரும்பு லோடும்தான்.

எஸ்டிமேட்: ஒளியின் கணக்கு

ஒன்றியப் பொறியாளருக்குச் சாலையும் சிறுபாலமும் தண்ணீர் பட்ட பாடு. ஃபைபர் எஸ்டிமேட் அப்படி இல்லை. ஆபரேட்டர் எழுதிக்கொடுத்த தாளை அப்படியே ஒட்டிவிடும் ஆபத்து இங்கே இருக்கிறது. ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் உங்களை யாரும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

ஓ.எல்.டி. என்ற தலைமைக் கருவியிலிருந்து ஒளி பிளஸ் 3 டி.பி.எம். (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) அளவில் கிளம்புகிறது என்று வைப்போம். வழியில் ஒளியை எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று, தெருவில் மறுபடி எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று. ஒவ்வொன்றும் சுமார் 10.5 டெசிபல் தின்னும், ஆக 21. நான்கு கிலோமீட்டர் தார், கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 1.4. ஆறு ஜாயின்ட், ஒன்றுக்கு 0.1 வீதம் 0.6. நான்கு கனெக்டர், ஒன்றுக்கு அரை வீதம் 2. மொத்த இழப்பு 25. மூன்றில் இருபத்தைந்தைக் கழித்தால் வீட்டுப் பெட்டியில் மைனஸ் 22 வரும். வீட்டுப் பெட்டி சாதாரணமாக மைனஸ் 27 வரை தாங்கும். ஐந்து டெசிபல் மிச்சம். தார் நாலு தடவை அறுந்து ஒட்டுப்போட்டாலும் இந்த மிச்சம் காப்பாற்றும். முதல் நாளே மைனஸ் 26 காட்டும் இணைப்பு அடுத்த மழையில் போய்விடும். அதனால் "எந்த இணைப்பிலும் ஒப்படைக்கும் நாளில் மைனஸ் 24-க்குக் கீழே போகக் கூடாது" என்று விவரக்குறிப்பில் எழுதுங்கள். பவர் மீட்டரைச் செருகி எண்ணைப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. பிளஸ் டூ முடித்த ஊர்ப் பிள்ளை பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளும்.

பொருளுக்குத் தரம் எழுதலாம், பிராண்டு எழுதக் கூடாது. பிராண்டு பெயர் போட்டு வந்த டெண்டரை யாராவது எதிர்த்தால் நிற்காது.

டெண்டர்

இங்கே ஆள வேண்டிய சட்டம் 1998-ஆம் வருடத்து தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000-ஆம் வருட விதிகளும். உள்ளாட்சிகளுக்கும் இது பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு விலைப்புள்ளி தர குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் 30 நாள். முன்வைப்புத் தொகை மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு உறை முறையில் போடுங்கள்: தொழில்நுட்ப உறையில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே கூடாது. பேரம் பேசுவதென்றால் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான். முடிவில் குறையுள்ளவர் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம், அதனால் கூட்டக் குறிப்பை ஒழுங்காக எழுதி வையுங்கள். வரம்புக்குள் அடக்குவதற்காக ஒரே வேலையை மூன்று துண்டாக உடைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். தலையாட்டாதீர்கள்.

"தருமபுரிக்காரர்தான் வர வேண்டும்" என்று எழுத முடியாது. ஆனால் "புகார் வந்த 4 மணி நேரத்துக்குள் ஆள் ஊருக்கு வர வேண்டும், ஸ்பிளைசிங் மெஷினும், தார் எங்கே அறுந்தது என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியும் சொந்தமாகவோ குத்தகையிலோ இருப்பதற்கு ஆவணம் வேண்டும்" என்று எழுதலாம். அதுவே வடிகட்டிவிடும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால், புகார் எண்ணில் தெலுங்கிலும் கன்னடத்திலும் பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும் என்றும் சேருங்கள். அங்கே பாட்டிமார் தமிழில் புகார் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பணத்தை எப்படிப் பிரிப்பது

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

பாலக்கோடு பக்கம் ஓர் ஊராட்சியில் நான் ஸ்பிளைசராகப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒப்பந்தத்தில் இழுத்து முடித்ததும் 95 சதவீதம் பணம். பராமரிப்புக்கு ஒரே வரி: "தேவைப்படும்போது பழுது நீக்கித் தரப்படும்." எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஒரு சாயங்காலம் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று பள்ளிக்கூட முனையில் தாரை இழுத்துக்கொண்டு போனது. இரண்டு கம்பத்துக்கு இடையே 40 மீட்டர் காணோம். பழுது ஒன்றரை மணி நேர வேலை. ஒப்பந்ததாரர் அப்போது வேறு மாவட்டத்தில் வேறு வேலையில் இருந்தார். மிச்சமிருந்த 5 சதவீதத்துக்காக வண்டி எடுத்து வர அவருக்கு என்ன அவசியம்? ஐந்து மாதம் அந்தத் தார் கம்பத்திலிருந்து தொங்கிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் அதை வெட்டிச் சாட்டை செய்து விளையாடினார்கள். அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், காகிதம் அவரை வரச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் யாருக்குச் சொன்னாலும் பணத்தை இப்படித்தான் பிரிக்கச் சொல்கிறேன். தார் இழுத்து அளவெடுத்ததும் 50 சதவீதம். எல்லா இணைப்பிலும் ஒளி அளவு பார்த்து, வரைபடம் ஒப்படைத்ததும் 20. மிச்சம் 30-ஐப் பன்னிரண்டாகப் பிரித்து, மூன்று வருடம், மூன்று மாதத்துக்கு ஒரு தவணை. இணையம் ஓடிய நேரத்தைப் பார்த்துத் தவணை. ஆபரேட்டர்கள் முகம் சுளிப்பார்கள், விலையும் கொஞ்சம் ஏற்றிப் போடுவார்கள். பரவாயில்லை, கொடுங்கள்.

ஓடிய நேரம் என்று எழுதும்போது சதவீதத்தோடு நிறுத்தாமல் மணி நேரத்திலும் எழுதுங்கள். 30 நாள் மாதத்தில் 720 மணி. 99 சதவீதம் என்றால் 7 மணி 12 நிமிடம் நிற்கலாம். 95 சதவீதம் என்றால் 36 மணி. காதுக்கு 95 நல்ல மதிப்பெண்போல் ஒலிக்கும், ஒன்றரை நாள் இணையம் இல்லை என்பது அதன் பொருள். நம் ஊர்ச் சாலைகளையும் மின்வெட்டையும் பார்த்தால் 98 கேட்பது நியாயம், 14 மணி 24 நிமிடம். மின்சாரம் இல்லாத நேரம் இந்தக் கணக்கில் சேருமா என்பதையும் எழுதிவிடுங்கள். யூ.பி.எஸ். நான்கு மணி தாங்க வேண்டும், அதற்கு மேல் போன நேரத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று எழுதினால் இரண்டு பக்கமும் சண்டை வராது. தார் அறுந்தால் 24 மணிக்குள் சரியாக வேண்டும். தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் தவணையில் இவ்வளவு பிடித்தம் என்று ரூபாயாகவே போடுங்கள்.

இன்னொரு விதியையும் மறக்காதீர்கள். ஆபரேட்டர் பாதியில் கையை விரித்தால், ஊராட்சிப் பணத்தில் போட்ட தாரும் ஜாயின்ட் பெட்டிகளும் அப்படியே அடுத்த உரிமதாரரிடம் போக வேண்டும். கருவியின் பாஸ்வேர்டு உட்பட. பாஸ்வேர்டு இல்லாத ஓ.எல்.டி. வெறும் இரும்புதான்.

டெண்டரில் முதல்முறை பங்கேற்கும் உள்ளூர் ஆபரேட்டர் யாராவது இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. பில்லில் முழுப் பணம் கைக்கு வராது. வருமான வரி தனிநபர் என்றால் 1 சதவீதம், கம்பெனி என்றால் 2. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். கட்டுமான வேலையாகக் கொள்ளும் பகுதிக்குத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம். இதையெல்லாம் விலைப்புள்ளி போடும் இரவே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பு

பள்ளம் எடுத்த பகுதிக்கு நான் பார்த்ததிலேயே சிறந்த அளவுகோல் ஒரு கடப்பாரை. 90 சென்டிமீட்டரில் ஒரு மஞ்சள் கோடு, 1.2 மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு, 1.65 மீட்டரில் ஒரு வெள்ளைக் கோடு. மூடும் முன் 50 மீட்டருக்கு ஓர் இடத்தில் கடப்பாரையைப் பள்ளத்தில் நிறுத்தி, இடக்குறியீடு பதியும் செயலியில் ஒரு படம். எம்-புக்கில் (வேலை அளவுப் புத்தகம்) அந்தப் பட எண்ணை எழுதிவிடுங்கள். ஒரு முறை ஓவர்சியர் ஒருவர் மூடிய பிறகு வந்து கோபப்பட்டார். படங்களைப் பார்த்ததும் தேநீர் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பாறை வந்த இடத்துக்கு விலை வேறு. இங்கேதான் கள்ளக்கணக்கு நுழையும். மண், இறுகிய சரளை, பாறை மூன்றுக்கும் மீட்டர் விலையை டெண்டரிலேயே தனித்தனியாகக் கேளுங்கள். எது எங்கே என்பதை அன்றன்றைக்கே இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு எழுதுங்கள். ஆழம் போக முடியாத பாறையில் இரும்புக் குழாய் போட்டு மேலே கான்கிரீட் மூடுவதற்கும் ஒரு விலை இருக்கட்டும்.

மேலே இழுத்த தாரில் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அறுந்தால் ஒட்டுப்போட அந்தச் சுற்றுதான் உதவும். சுற்று இல்லாவிட்டால் ஒரு அறுப்புக்கு இரண்டு ஜாயின்ட்.

ஒப்படைக்கும் நாள்

கூகுள் எர்த்தில் திறக்கும் வழி வரைபடக் கோப்பு, ஒவ்வொரு ஜாயின்ட் பெட்டியின் திறந்த நிலைப் படம், ஓ.டி.டி.ஆர். தாள்கள் எல்லாம் வாங்கிவிடுங்கள். இழைகளின் நிற வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று தொடங்கும். எந்த நிற இழை எந்தக் கட்டடத்துக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நகல் ஒன்று ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டோடு இருக்கட்டும்.

பெட்டிக்குச் சாவி இரண்டு இருக்கும். ஒன்று ஊராட்சிச் செயலரிடம். இன்னொன்றை எல்லோரும் ஆபரேட்டரிடம் கொடுத்துவிடுவார்கள். நான் அதைத் தொட்டி ஆபரேட்டரிடம் கொடுக்கச் சொல்வேன். காலை ஆறு மணிக்கு மோட்டார் போட வருகிறவர் அவர்தான். வந்ததும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து, நோட்டில் தேதி போட்டு ஒரு டிக் அடிப்பார். மூன்று மாதம் கழித்துத் தவணை கேட்டு ஆபரேட்டர் வரும்போது அந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்தால் போதும்.